முதல் அவுட்பேக் பயணம்: நண்பர்களோடு கேரவனில், ஃப்ரீ கேம்ப் போட்டு

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைவெளியான அவுட்பேக்குக்கு, கார் இழுத்துச் செல்லும் சக்கர வீடான கேரவனோடு முதல்முறை போகிறீர்கள் என்றால் ஸ்டுவர்ட் நெடுஞ்சாலையில் போங்கள். தெற்கே போர்ட் அகஸ்டாவில் தொடங்கி வடக்கே டார்வினில் முடியும் இந்தச் சாலை 2,700 கிலோமீட்டருக்கும் மேல் நீளும். முழுக்கத் தார்ச்சாலை. வழியில் பெட்ரோல், டீசல் கிடைக்கும் ரோட்ஹவுஸ்கள் உண்டு, அவற்றுக்கு நடுவே இலவசமாக இரவு தங்கக்கூடிய ரெஸ்ட் ஏரியாக்கள் உண்டு. அதே சமயம் கூபர் பீடி, உளுரு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், கார்லு கார்லு, மாட்டரங்கா என்று பார்க்க வேண்டியவையும் அந்தக் கோட்டிலேயே, அல்லது கொஞ்சம் விலகி வருகின்றன. கிப் ரிவர் சாலை, கிரேட் சென்ட்ரல் சாலை போன்ற மண்பாதைகளின் படங்களைப் பார்த்து மயங்கி முதல் தடவையே அங்கே போக வேண்டாம். அவை இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு இருக்கட்டும்.

காலம் மே முதல் ஆகஸ்ட் வரை. கோடையில் நடுப்பகுதியில் 40 டிகிரியைத் தாண்டும். வடக்கே மழைக்காலம் தொடங்கிச் சாலைகள் மூழ்கும். குளிர்காலத்தில் பகல் இதமாக இருக்கும். ஆனால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் ஜூலை இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கும். பாலைவனம் என்றாலே வெயில் என்று நினைத்து மெல்லிய போர்வையோடு கிளம்பாதீர்கள். மெல்போர்னிலிருந்தோ சிட்னியிலிருந்தோ கிளம்பி டார்வின் வரை போக, போகும் வழிக்கு மட்டும் மூன்று வாரமாவது ஒதுக்குங்கள். அதற்குக் குறைவான விடுமுறை என்றால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸோடு திரும்பிவிடுவது நல்லது.

திட்டமிடும்போது எல்லோரும் முதலில் கிலோமீட்டரைத்தான் பார்க்கிறார்கள். நான் தண்ணீரைப் பார்க்கச் சொல்வேன். குடிநீர் டாங்க், டாய்லெட் தொட்டி, துவைத்த துணி, பச்சைக் காய்கறி, எல்லாமே ஒரு சாதாரண கேரவனில் மூன்று நாளைக்குத்தான் வரும். ஆகவே மூன்று இரவு வெளியே, ஒரு இரவு ஊரில் கட்டணம் கட்டித் தங்கும் கேரவன் பார்க்கில் என்று கணக்கு வையுங்கள். இந்தத் தாளம் பிடிபட்டுவிட்டால் மீதித் திட்டம் தானாக அமைந்துவிடும்.

வண்டியும் எடையும்

கேரவன் வாங்குகிறீர்களோ, நண்பரிடம் இரவல் கேட்கிறீர்களோ, வாடகைக்கு எடுக்கிறீர்களோ, முதலில் அதன் மேல் அடித்திருக்கும் தகட்டைப் படியுங்கள். டேர் என்பது சுமை எதுவும் ஏற்றாத வண்டியின் எடை. ஏ.டி.எம். என்பது சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு அந்தக் கேரவன் இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட உச்ச எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. பல கேரவன்களில் அது 300, 400 கிலோ மட்டுமே. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு 90 லிட்டர் டாங்குகளை நிரப்பினாலே 180 கிலோ போய்விட்டது. அப்புறம் கேஸ் சிலிண்டர், ஆனிங் எனும் நிழல் விரிப்பு, நாற்காலிகள், பாத்திரம், அரிசி மூட்டை. கணக்கு எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று பாருங்கள்.

அடுத்தது கார். '3,500 கிலோ இழுக்கும்' என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கேரவனின் மூக்கு, காரின் பின்னால் அதை மாட்டும் இரும்புக் குண்டான டோ பால் மேல் அழுத்தும் எடை பொதுவாகக் கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். 3,000 கிலோ கேரவன் என்றால் சுமார் 300 கிலோ. அந்த 300 கிலோவைக் கார்தான் சுமக்கிறது, அதனால் காரின் சொந்தச் சுமைக் கணக்கில் அது கழியும். ஐந்து பெரியவர்கள் உட்கார்ந்து, பின்னால் ஃப்ரிட்ஜும் சாமானும் வைத்தால் பல கார்கள் சட்டப்படி அனுமதித்த எடையைத் தாண்டிவிடும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதும் இதைத்தான். எனவே எல்லாவற்றையும் ஏற்றி, டாங்கை நிரப்பி, ஆட்களையும் உட்காரவைத்து, பொது எடைமேடைக்கு ஒருமுறை ஓட்டிச் சென்று எடை போடுங்கள். சில டாலர்தான் செலவு.

கனமான சாமான் சக்கரங்களுக்கு நேர் மேலே, தரையோடு தாழ்வாக இருக்க வேண்டும். பின்கோடியில் கனத்தை வைத்தால் வேகத்தில் கேரவன் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். அப்படி ஆடினால் காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, கேரவன் பிரேக்கைத் தனியாக இயக்கும் கைப்பிடியையோ பொத்தானையோ அழுத்துங்கள். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ரிவர்ஸ் எடுப்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி மைதானத்தில் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்துக்கொண்டால், கை எந்தப் பக்கம் போகிறதோ கேரவனின் பின்புறமும் அந்தப் பக்கமே போகும். வெளியே நின்று வழிகாட்டுகிறவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். கண்ணாடியில் ஆள் தெரியவில்லை என்றால் ஓட்டுநர் உடனே நிறுத்த வேண்டும்.

வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் மண்சாலையில் ஓட்ட அனுமதிப்பதில்லை. இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டக் கூடாது என்ற நிபந்தனையும் பலவற்றில் இருக்கிறது. இன்னொன்று, கேரவன் ஓடும்போது அதற்குள் யாரும் இருக்கக் கூடாது. குழந்தை தூங்குகிறது என்பதற்காகக்கூட.

கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலிருந்து ஓரிரு மணி நேரத் தூரத்தில், மின் இணைப்பு இல்லாத ஓர் இடத்தில் இரண்டு இரவு தங்கிப் பாருங்கள். எது குறைகிறது, எதற்காகச் சண்டை வருகிறது, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

தண்ணீர், மின்சாரம், டாய்லெட்

ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர். பாதி குடிக்கவும் சமைக்கவும், மீதி கழுவவும் துடைக்கவும். நான்கு பேர், மூன்று நாள் என்றால் 120 லிட்டர். இதற்கு மேல், இரண்டு 20 லிட்டர் ஜெர்ரி கேன்களில் தனியாகத் தண்ணீர் காருக்குள் இருக்க வேண்டும். கேரவனின் டாங்க் வண்டிக்கு அடியில் தொங்குகிறது. ஒரு கல் பட்டுக் குழாய் உடைந்தால் முழுத் தண்ணீரும் ரோட்டில்தான். ஜெர்ரி கேன் தண்ணீரை அவசரத்துக்கு மட்டும் தொடுவது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

ரெஸ்ட் ஏரியாவில் தகரத் தொட்டியில் தண்ணீர் இருந்தாலும் அதைக் குடிநீராக எண்ண வேண்டாம். சிலவற்றில் இருக்காது, சிலவற்றில் மழைநீர் பல மாதமாகத் தேங்கியிருக்கும். ஊர்களில் நிரப்பிக்கொள்ளுங்கள். கூபர் பீடியில் காசு போட்டுக் குடிநீர் பிடிக்கும் குழாய் உண்டு. அங்கே தண்ணீர் நிலத்தடியிலிருந்து எடுத்து உப்பு நீக்கப்படுவது, அதனால் அருமையானது.

மிச்சப்படுத்துவது நம்மவர்களுக்குக் கொஞ்சம் சிரமம். நமக்குப் பாத்திரம் என்றால் ஓடும் குழாயில் அலச வேண்டும். இங்கே சாப்பிட்ட தட்டை முதலில் காகிதத்தால் நன்றாகத் துடைத்து, ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் அடித்து, கடைசியில் ஒரு சின்னத் தொட்டியில் அலசினால் போதும். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் முதல் துலக்கலுக்கு வைத்துக்கொள்ளலாம். குளியல் இரண்டு நாளைக்கு ஒருமுறை, ஆளுக்கு நான்கைந்து லிட்டர், செம்பில் மொண்டு. செம்பும் வாளியும் வைத்துக் குளித்துப் பழகியவர்கள் ஷவர்காரர்களைவிட இதில் கெட்டிக்காரர்கள்.

மின்சாரம் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்றும், 200 வாட் சோலார் பேனலும், கார் ஓடும்போது பேட்டரிக்கு ஏற்றும் சார்ஜரும் இருந்தால் 12 வோல்ட் ஃப்ரிட்ஜ், விளக்கு, ஃபோன் எல்லாம் ஓடும். ஏ.சி.யும் மைக்ரோவேவும் ஓடாது. பழைய வகை ஏ.ஜி.எம். பேட்டரி என்றால் அதன் கொள்ளளவில் பாதிதான் பயன்படுத்தலாம் என்று நினைவிருக்கட்டும். பூமியின் தென்பாதியில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது. பேனலை வடக்கு நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

டாய்லெட் விஷயத்தில் வெட்கம் பார்க்காமல் பேசிவிட வேண்டும். காசெட் டாய்லெட்டில், கழற்றி எடுத்துக் காலி செய்யும் தொட்டி இருபது லிட்டருக்குள்தான் இருக்கும். இரண்டு பேருக்கு மூன்று நாள் வரும், நான்கு பேருக்கு வராது. ரோட்ஹவுஸிலும் ரெஸ்ட் ஏரியாவிலும் கழிப்பறை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், இரவுக்கு மட்டும் காசெட். அதை டம்ப் பாயின்ட் என்று குறியிட்ட இடத்தில்தான் காலி செய்ய வேண்டும். புதருக்குள்ளோ, ரெஸ்ட் ஏரியாவின் குழிக் கழிப்பறையிலோ கொட்டவே கூடாது. அதில் ஊற்றும் ரசாயனம் அந்தக் குழியின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். வேறு வழியே இல்லாமல் வெளியே போக நேர்ந்தால், நீர்நிலையிலிருந்து 100 மீட்டராவது தள்ளி, 15 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் குழி தோண்டி மூடுங்கள். காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள். அழகான ஃப்ரீ கேம்ப் இடங்களை உள்ளூர் நிர்வாகம் மூடும்போது பெரும்பாலும் காரணம் புதரெல்லாம் சிதறிக் கிடக்கும் இந்த வெள்ளைக் காகிதம்தான். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுக்காது.

நண்பர்களோடு போவது

இரண்டு வண்டி நல்லது, மூன்று வண்டி போதும். நான்காவது வண்டி வந்தால் ரெஸ்ட் ஏரியாவில் சேர்ந்து நிற்க இடம் கிடைக்காது. யாராவது ஒருவருக்கு எப்போதும் காத்திருந்துகொண்டே இருப்பீர்கள். கிளம்புவதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து பேசவேண்டியவை: காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எவ்வளவு தூரம், பொதுச்செலவுக்கு ஆளுக்கு எவ்வளவு போடுவது, ஒருவர் வண்டி பழுதானால் மற்றவர்கள் எத்தனை நாள் காத்திருப்பது. கடைசிக் கேள்வியை யாரும் கேட்க விரும்புவதில்லை. ஆனால் நட்பு கெடுவது அங்கேதான். ஒரு வண்டிக்கு உதிரிபாகம் வர ஐந்து நாள் ஆகும், இன்னொருவருக்கு லீவு முடிகிறது என்ற நிலையில் முன்பே பேசி வைத்தது கைகொடுக்கும்.

எல்லா வண்டியிலும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் யு.எச்.எஃப். ரேடியோ இருக்கட்டும். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் இருப்பது 40-ஆவது சேனல், கேரவன்காரர்கள் பொதுவாக 18. 5-உம் 35-உம் அவசரத்துக்கு மட்டும். உங்களுக்குள் அரட்டை அடிக்க வேறு ஒரு சேனலைப் பிடித்துக்கொள்ளுங்கள், 40-இல் அரட்டை வேண்டாம். முன்னால் போகிறவர் "எதிரே ரோட் ட்ரெய்ன்" (பல டிரெய்லர்களை இழுக்கும் நீள லாரி), "ரோட்டில் மாடு" என்று சொல்லிக்கொண்டே போனால் பின்னால் வருகிறவருக்குப் பெரிய உதவி. வண்டிகளுக்கு இடையே அரை கிலோமீட்டராவது இடைவெளி விடுங்கள். முந்திச் செல்பவர்கள் நடுவில் புகுந்துகொள்ள இடம் வேண்டும். காரும் கேரவனும் சேர்ந்து ஏழரை மீட்டருக்கு மேல் இருந்தால், ஊருக்கு வெளியே முன்னால் போகும் நீள வண்டியிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி வர வேண்டும் என்பது சாலை விதி. ரோட் ட்ரெய்ன் ஓடும் பகுதிகளில் இன்னும் கூடுதல்.

அப்புறம், நாள் முழுக்கச் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காலையில் பிரிந்து கிளம்பி மாலை ஒரே இடத்தில் சேர்ந்தால் பேசவும் ஏதாவது இருக்கும்.

சாலையில்

வடமண்டலத்தில், அதாவது நார்தர்ன் டெரிட்டரியில், ஸ்டுவர்ட் நெடுஞ்சாலையின் பல பகுதிகளில் வேக வரம்பு மணிக்கு 130 கி.மீ. அது உங்களுக்கு இல்லை. கேரவன் இழுத்துக்கொண்டு 90-க்கு மேல் போகாதீர்கள். எரிபொருளும் மிச்சம், ஆட்டமும் குறைவு. இழுக்கும்போது 100 கிலோமீட்டருக்கு 15 முதல் 20 லிட்டர் வரை டீசல் குடிக்கும். எதிர்க்காற்று அடித்தால் இன்னும் கூடும். அதனால் பாதி டாங்க் ஆனதும் அடுத்த ரோட்ஹவுஸில் நிரப்பிவிடுங்கள். விலை அதிகமாக இருக்கிறதே என்று அடுத்ததுக்குத் தள்ளிப் போட வேண்டாம்.

ரோட் ட்ரெய்ன் 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். அதை முந்த வேண்டும் என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் சாலை காலியாக இருக்க வேண்டும். கேரவனோடு முந்த எனக்கு மனசு வருவதில்லை, பத்து நிமிஷம் டீ குடித்துவிட்டுக் கிளம்புவது மேல். அது உங்களை முந்த வரும்போதுதான் கவனம் தேவை: உங்கள் தடத்திலேயே நேராக, அதே வேகத்தில் போங்கள். உதவி செய்கிறேன் என்று சரளை ஓரத்தில் இறங்காதீர்கள், கல் பறந்து அவர் கண்ணாடி உடையும். பக்கவாட்டில் வந்தபிறகு காலை மெல்ல எடுத்தால் அவர் சீக்கிரம் கடந்துவிடுவார். எதிரே வரும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும்.

அதிகாலையிலும் அந்தி சாயும்போதும் கங்காரு, ஈமு, மாடு, சில இடங்களில் ஒட்டகமும் சாலைக்கு வரும். மாட்டுப் பண்ணைகள் பலவற்றுக்குச் சாலையோரம் வேலி கிடையாது. செத்துக்கிடக்கும் கங்காருவின் மேல் கழுகு உட்கார்ந்திருந்தால் வேகத்தைக் குறையுங்கள். வயிறு நிறைந்த கழுகு சட்டென்று எழும்ப முடியாமல் கண்ணாடி உயரத்துக்குத்தான் வரும். சூரியன் நன்றாக ஏறிய பிறகு கிளம்பி, மூன்று மணிக்கெல்லாம் இடம் பிடித்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 350 கி.மீ. போதும்.

டயர் இரண்டு உபரி வேண்டும். கேரவனுக்குப் பொருந்தும் ஜாக், நட்டுகளைத் திருகும் டார்க் ரெஞ்ச், சின்னக் காற்றடிக்கும் கம்ப்ரஸர், பஞ்சர் கிட் எல்லாம் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். சக்கரம் மாற்றினால் 50 கி.மீ. போனதும் நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேரவனைச் சுற்றி நடந்து, சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் பேரிங்கோ பிரேக்கோ சரியில்லை.

இலவச இடம் பிடிப்பது

முதலில் சட்டம். சாலையோரம் காலி நிலம் தெரிகிறது என்பதற்காக எங்கே வேண்டுமானாலும் நிறுத்த முடியாது. அந்த நிலம் யாரோ ஒருவருடைய மாட்டுப் பண்ணையாகவோ, பழங்குடி மக்களின் நிலமாகவோ, தேசியப் பூங்காவாகவோ இருக்கும். கூபர் பீடிக்குத் தெற்கே உள்ள சாலை ஊமெரா ராணுவத் தடைப்பகுதியின் ஊடாகப் போகிறது, அங்கே அனுமதியின்றி நெடுஞ்சாலையை விட்டு விலகுவதே குற்றம். நீங்கள் தேட வேண்டியது இரவு தங்க அனுமதித்திருக்கும் ரெஸ்ட் ஏரியா. பலகையில் 24 மணி நேரம் என்று இருந்தால் ஓர் இரவு. குவீன்ஸ்லாந்தில் பல இடங்களில் 20 மணி நேரம்தான். இடங்களை விக்கிகேம்ப்ஸ் என்ற செயலியில் பார்க்கலாம், முன்னால் தங்கியவர்கள் எழுதிய குறிப்புகளும் இருக்கும். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்படி முன்பே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். செயலி சொல்வதும் பலகை சொல்வதும் மாறுபட்டால் பலகை சொல்வதே சரி.

மூன்று மணிக்குப் போனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம், ஐந்தரைக்குப் போனால் மிச்சமிருப்பதை ஏற்க வேண்டும். நெடுஞ்சாலையிலிருந்து முடிந்தவரை உள்ளே தள்ளிப் போங்கள், இரவெல்லாம் ரோட் ட்ரெய்ன் ஓடும். லாரிகளுக்கென்று ஒதுக்கிய தளத்தில் நிற்கவே கூடாது. அவர்களுக்கு ஓய்வு சட்டப்படி கட்டாயம், அந்த இடம் போனால் அடுத்த இடம் தொலைவில். காய்ந்த ஓடைக்குள் இறங்காதீர்கள். வானம் நிர்மலமாக இருந்தாலும் தொலைவில் பெய்த மழை ராத்திரி வந்து சேரும். பெரிய ரிவர் ரெட் கம் மரத்தின் அடியில் நிழல் அழகாக இருக்கும், ஆனால் காற்றே இல்லாதபோதும் அது கிளையை உதிர்க்கும். நிழல் வேண்டுமென்றால் சின்ன மரமாகப் பாருங்கள்.

நிறுத்தும் வரிசை இது. முதலில் இடவலம் சமம் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்தைச் சரிவுக் கட்டையின் மேல் ஏற்றுங்கள். பிறகு சக்கரங்களுக்கு முட்டுக்கொடுங்கள். அதற்குப் பிறகுதான் காரிலிருந்து கழற்ற வேண்டும். முன்பின் சமத்தைக் கேரவனின் மூக்கில் உள்ள சின்ன முன்சக்கரத்தை ஏற்றி இறக்கிச் சரிசெய்து, கடைசியில் நான்கு மூலைக் கால்களை இறக்குங்கள். மூலைக் கால்கள் ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க அல்ல. ஓர் இரவுதான் என்றால், தரை சமமாக இருந்தால், காரைக் கழற்றாமலே விட்டுவிடுங்கள். ஆனிங்கை இரவில் சுருட்டிவிடுங்கள். பாலைவனத்தில் காற்று நள்ளிரவில் சொல்லாமல் வரும்.

நெருப்பு மூட்ட ஆசையாகத்தான் இருக்கும். அன்றைக்கு அந்த வட்டாரத்தில் முழுத் தீத்தடை இருக்கிறதா என்று பாருங்கள். தடை நாளில் வெளியே கேஸ் அடுப்புக்கும் கட்டுப்பாடு இருக்கலாம். ஏற்கெனவே கல் அடுக்கிய வட்டம் இருந்தால் அதிலேயே, சிறியதாக. விறகை ரோட்ஹவுஸில் வாங்கிக்கொள்ளுங்கள், தரையில் கிடக்கும் காய்ந்த கட்டைக்குள் பல்லிகளும் பூச்சிகளும் வாழ்கின்றன. அணைக்கும்போது மணலைப் போட்டு மூடாதீர்கள். மணலுக்கு அடியில் தணல் பல மணி நேரம் கனன்று கிடக்கும், மறுநாள் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைக்கு அது தெரியாது. கை வைத்துப் பார்க்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும்.

காலையில் கிளம்பும்போது ஒருவர் வேலை செய்ய, இன்னொருவர் சுற்றிவந்து சரிபார்க்கட்டும்: கேஸ் மூடியது, கூரை ஜன்னல் மூடியது, படி மடக்கியது, முன்சக்கரம் தூக்கியது, சங்கிலி மாட்டியது, பிளக் செருகியது, பிரேக் விளக்கு எரிகிறது.

யாருடைய நிலம்

நீங்கள் கடக்கும் வழி முழுவதும் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழும் நிலம். நெடுஞ்சாலையில் போக அனுமதிச் சீட்டு வேண்டாம். விலகிப் பழங்குடி நிலத்துக்குள் போகும் பல பாதைகளுக்கு வேண்டும். சென்ட்ரல் லேண்ட் கவுன்சில், நார்தர்ன் லேண்ட் கவுன்சில் போன்ற அமைப்புகளிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பல குடியிருப்புகளுக்குள் மது கொண்டுபோவது குற்றம். ஆட்களைப் படம் பிடிக்கும் முன் கேளுங்கள்.

உளுரு என்ற பெரும்பாறை 1985 அக்டோபர் 26 அன்று அந்த நிலத்தின் பழங்குடியினரான அனங்கு மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் பல ஆண்டுகள் வேண்டிக்கொண்ட பிறகு 2019-இல் அதே தேதியில் மேலே ஏறுவது நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. அடிவாரத்தைச் சுற்றி நடக்கப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வரும், விடியற்காலையில் நடந்தால் பாறையின் ஒவ்வொரு மடிப்பும் வேறுவேறாகத் தெரியும். சில பகுதிகளில் படம் எடுக்கக் கூடாது என்று பலகை இருக்கும், அவை சடங்குக்குரிய இடங்கள். பூங்காவுக்குள் இரவு தங்க முடியாது. பூங்காவுக்கு வெளியே யுலாராவில் உள்ள கட்டண முகாமில் இடம் முன்பதிவு செய்யுங்கள், பள்ளி விடுமுறையில் நிரம்பிவிடும்.

சாப்பாடு

பிரஷர் குக்கர் கட்டாயம். கேஸும் தண்ணீரும் இரண்டுமே மிச்சம். புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி, வறுத்த ரவை, அவல், பருப்புப் பொடி, ஊறுகாய், அப்பளம் இருந்தால் காய்கறி தீர்ந்த நாளிலும் நன்றாகச் சாப்பிடலாம். தாளிப்பதைக் கேரவனுக்கு வெளியே வையுங்கள், இல்லாவிட்டால் கடுகும் மிளகாய் நெடியும் படுக்கைத் துணியில் ஏறி ஊர் திரும்பும்வரை போகாது.

மாநில எல்லைகளில் தாவரக் கட்டுப்பாடு கடுமை. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழம் கொண்டுபோகப் பழ ஈ காரணமாகத் தடைகள் உண்டு. மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் பழம், காய்கறி, தேன் எல்லாவற்றையும் சோதித்து எடுத்துவிடுவார்கள். கொல்லையில் பறித்த கறிவேப்பிலைக் கொத்தும் அதில் அடங்கும். எல்லைக்கு முந்தைய நாளே இருப்பதைச் சமைத்துத் தீர்த்துவிட்டு, அந்தப் பக்கம் போய் வாங்குங்கள். உணவை இரவில் வெளியே வைத்துவிட்டுத் தூங்க வேண்டாம், டிங்கோ என்ற காட்டு நாய் வரும். பகலில் ஈக்கு முகவலை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏதாவது ஆனால்

ஊரையும் ரோட்ஹவுஸையும் விட்டு விலகினால் ஃபோன் சிக்னல் போய்விடும். இருக்கும் இடங்களில் டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் சிக்னல்தான் பரவலாக எட்டும். அதனால் குழுவில் ஒருவரிடமாவது சாட்டிலைட் ஃபோனோ, பி.எல்.பி. எனப்படும் அவசர சமிக்ஞைக் கருவியோ இருக்க வேண்டும். பி.எல்.பி.யை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குப் போகும். சிக்னல் இருந்தால் 000. ஜான் ஃபிளின் 1928-இல் க்ளோன்கரியில் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை இன்றும் இந்தப் பகுதிகளுக்கு மருத்துவமனைபோல இயங்குகிறது. தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பாம்பு கடித்தால் கடிவாயைக் கழுவாமல், கீறாமல், அகலமான அழுத்தக் கட்டுத்துணியை விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி முழுக் கைக்கோ காலுக்கோ சுற்றி, ஆளை அசையவிடாமல் படுக்கவையுங்கள். அந்தக் கட்டுத்துணி மூன்று சுருளாவது பெட்டியில் இருக்கட்டும். வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். வானிலிருந்து தேடுகிறவர்களுக்கு நடந்துபோகும் மனிதன் தெரிவதைவிட வெள்ளைக் கேரவன் எளிதாகத் தெரியும்.

வழி

போர்ட் அகஸ்டாவில் எல்லாவற்றையும் நிரப்புங்கள். பிம்பாவைத் தாண்டினால் லேக் ஹார்ட் ரெஸ்ட் ஏரியா, முதல் இரவுக்கு இதைவிட நல்ல இடம் தெரியாது. எதிரே வெள்ளை உப்பு ஏரி, நடுவே ரயில் பாதை. கூபர் பீடிக்குப் பிம்பாவிலிருந்து சுமார் 370 கி.மீ. நடுவில் கிளென்டம்போவில் எரிபொருள் கிடைக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொண்டு பிம்பாவில் டாங்கை நிரப்புங்கள். கூபர் பீடியில் ஓப்பல் என்ற ரத்தினக்கல் 1915-இல் கண்டெடுக்கப்பட்டது, பாதி ஊர் நிலத்துக்கு அடியில் வாழ்கிறது. ஊருக்கு வெளியே சுரங்கக் குழிகள் மூடாமல் கிடக்கின்றன, குழந்தைகளை இறக்கி ஓடவிடாதீர்கள்.

அங்கிருந்து மார்லா தாண்டி மாரியட் கிரீக்கில் ஓர் இரவு, அடுத்து எர்ல்டுண்டா. உளுருவுக்கு இடப்புறம் திரும்பி சுமார் 250 கி.மீ. போக வேண்டும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் கேரவன் பார்க்கிலேயே தங்குங்கள். துணி, தண்ணீர், டயர், மளிகை, எல்லாவற்றுக்கும் இரண்டு நாள் வேண்டும். வடமண்டலத்தின் பூங்காக்களுக்கு வெளி மாநிலத்தவர் 2023 முதல் பாஸ் எடுக்க வேண்டும், முகாம் இடமும் ஆன்லைனில் முன்பதிவுதான். உருண்டைப் பாறைகள் குவிந்த கார்லு கார்லுவில் கட்டணம் கட்டித் தங்குங்கள், மாலை வெளிச்சத்துக்காகவே. இடம் கிடைக்காவிட்டால் பக்கத்தில் பானி வெல் ரெஸ்ட் ஏரியா இருக்கிறது. டென்னன்ட் கிரீக்குக்கு வடக்கே அட்டாக் கிரீக். 1860-இல் நிலவழி ஆய்வுப் பயணியான ஸ்டுவர்ட், வாருமுங்கு பழங்குடி மக்களோடு மோதித் திரும்பிப்போன இடம். இந்தச் சாலைக்குப் பெயர் தந்தவரே முதல் தடவை முழுவதும் கடக்கவில்லை.

டேலி வாட்டர்ஸ் வரும்போது கம்பளியை மூட்டை கட்டிவிடலாம். மாட்டரங்காவில் 34 டிகிரி வெந்நீர் ஊற்றில் ஒரு மணி நேரம் கிடந்தால் உடம்பில் ஏறிய தூசியும் அலுப்பும் இறங்கும். கேத்ரினிலிருந்து வடக்கே விதி மாறுகிறது. எந்த ஆறானாலும் குளமானாலும் பலகை பார்க்காமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள், உப்புநீர் முதலை உள்ள பகுதி அது. கேம்ப் போடுவதானால் கரையிலிருந்து 50 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். மீன் கழுவிய கழிவைக் கரையில் விடாதீர்கள், ஒரே இடத்தில் நாள்தோறும் தண்ணீர் மொள்ளவும் போகாதீர்கள்.